என்னை நானே உட்கார வைத்த ஞாயிறு

ஜூலை 12, 1988
பேருந்தில் ஒன்பது மணி நேரம். ஊர் வந்து இறங்கும்போது அணிப் பையன்கள் நாலு பேர் கை நீட்டினார்கள், உதவிக்கு அல்ல, கிண்டலுக்கு. "தாத்தா, பாத்து, படி இருக்கு." தாத்தாவுக்கு வயது முப்பத்தாறு. பதினைந்து வருடமாக பேஸ்பாலில் கேட்சர், மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடித்தே பிழைக்கிறேன். இது பதினோராவது அணி. முழங்கால்கள் மட்டும் இன்னும் முதல் அணியை நினைத்துத் திட்டுகின்றன.

ஜூலை 14
மேலாளர் ஸ்டான் பெக்மன் அறைக்குக் கூப்பிட்டார். மேலே, எங்களைப் போன்ற சின்ன அணிகளிலிருந்து ஆள் எடுக்கும் பெரிய லீக் அணியில், கேட்சருக்குக் கட்டைவிரல் முறிந்துவிட்டதாம்.
"ஞாயித்துக்கிழமை பாக்க ஆள் வருது. உன் பேரைத்தான் மொதல்ல கேட்டாங்க, ஆரின். ரெண்டு அடி அடிச்சிடு, போதும்."
எட்டு வருடத்துக்கு முன் அங்கே நான்கு நாள் இருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்ததோடு சரி. ஒரு தடவைகூட மட்டை பிடிக்கக் கூப்பிடவில்லை.
என் மனைவி மேவிஸுக்குப் போன் செய்தேன். "ஆஸ்பத்திரியில லீவு சொல்லிடவா?" என்றாள். வேண்டாம், இன்னும் எதுவும் உறுதியில்லை என்றேன். போனை வைத்த பிறகும் அங்கேயே சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 16
அன்செல்மோ கிரோகா, என் மாற்று கேட்சர், இருபத்தைந்து வயது. என் மட்டைப் பிடிக்குப் புது டேப் சுற்றிக் கொடுத்தான். "நாளைக்கு நல்லா ஆடுங்கண்ணே. நீங்க மேல போனாத்தான் எனக்கு இங்க இடம்."
இவ்வளவு நேர்மையாக யாரும் என்னை வாழ்த்தியதில்லை.

ஜூலை 17, ஞாயிறு
இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.
பகல் ஆட்டம். மேலிருந்து பார்க்க வந்தவர், ஒரு வைக்கோல் தொப்பிக்காரர், மூன்றாவது வரிசையில். எதிரணியில் பந்து எறியும் பிட்சர் வலதுகைக்காரன், என்னைப் போலவே. அவன் பந்து கடைசி நொடியில் என்னை விட்டு விலகி ஓடுகிறது. மூன்று முறை போய் மூன்று முறையும் காற்றை அடித்துவிட்டு வந்தேன்.
எட்டாவது இன்னிங்ஸில் ஸ்டான் அம்பயரைத் திட்டி வெளியேற்றப்பட்டார். பரிந்து பேசப் போன பிட்சிங் பயிற்சியாளரும் வெளியே. பேட்டிங் பயிற்சியாளர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஸ்டான் போகிற போக்கில் ஆட்டக்காரர் பட்டியலை என் கையில் திணித்தார். "இனிமே அணியை நடத்தறது நீதான்."
ஒன்பதாவது, எங்கள் கடைசி வாய்ப்பு. ஒரு ரன் பின்தங்கியிருக்கிறோம். இரண்டு பேர் அவுட். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள், இரண்டு பேரும் ஓடி வந்து சேர்ந்தால் ஜெயிப்போம். பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையது.
கிரோகா இடதுகையால் மட்டை பிடிப்பவன். என்னை விட்டு ஓடுகிற அதே பந்து அவனிடம் தானாக வந்து சேரும். அங்கே வேறொருவன் பெயர் இருந்தால் யோசித்திருக்கவே மாட்டேன். அப்படியானால் இப்போது மட்டும் ஏன் யோசிக்கிறேன்? எட்டு வருஷமா இதுக்குத்தானேடா காத்திருந்தே —
"அன்செல்மோ, மட்டையை எடு."
"யாருக்குப் பதிலாண்ணே?"
"எனக்கு."
அவன் நகரவில்லை. "அந்தத் தொப்பிக்காரர் பாக்கறாருண்ணே."
"அவர் பாக்கட்டும். நீ பந்தைப் பாரு. மொத பந்தையே உள்ளதான் போடுவான்."
முதல் பந்து. உள்ளேதான் வந்தது. அவன் அடித்த அடியில் வலது பக்க வேலியில் மோதித் திரும்பியது. இரண்டு பேரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். ஜெயித்தோம். முழங்காலை மறந்து குதித்துவிட்டேன்.

ஜூலை 18
கிரோகாவை மேலே கூப்பிட்டார்கள்.

ஜூலை 19
முட்டாள். ஒரே ஒரு தடவை, மேல அந்தப் பெரிய மைதானத்துல மட்டையோட நின்னு பாத்திருக்கலாமில்ல? யார் கேட்டா உன்னை?
மேவிஸ் போனில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "மறுபடி அதே நெலமை வந்தா என்ன பண்ணுவே?"
"அவனைத்தான் அனுப்புவேன்."
"அப்புறம் என்ன? போய்ச் சாப்பிடு."
இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஜூலை 26
தொப்பிக்காரர் அன்றைக்கே ஸ்டானைத் தேடிப்பிடித்து, ஆளை மாற்றியது யார் என்று கேட்டாராம். இன்று தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு. அடுத்த வருடம், அடிமட்ட லீக்கில் இருக்கும் அவர்கள் அணிக்கு மேலாளர் வேலை.
"மூணு தடவை காத்தை அடிச்சவனுக்கு இப்படி ஒரு வேலை கெடைச்சு நான் பாத்ததில்ல," என்றார் ஸ்டான்.
யோசிக்க இரண்டு நாள் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 27
காலை எட்டு மணிக்கே போன் செய்து சரி என்றேன்.

செப்டம்பர் 2
ஆட்டக்காரனாக என் கடைசி ஆட்டம். மூன்று அடி. இப்போதுதான் வருகிறதா உனக்கு?

ஏப்ரல் 9, 1989, ஞாயிறு
முதல் வாரம். இன்று பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். ஒருவன் பந்தை விட்டான், இன்னொருவன் தொப்பியை விட்டான், மூன்றாமவன் ஆள் இல்லாத பேஸுக்குப் பந்தை எறிந்தான்.
மேவிஸ் இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே மாற்றலாகி வந்துவிட்டாள். வெளியே காரில் காத்திருந்தாள்.
"எத்தனை?"
"பதினொன்னுக்கு ரெண்டு."
"நாம ரெண்டா?"
"ஆமா."
"அப்புறம் ஏன் பல்லைக் காட்டிட்டு வர்றே?"
ஏழாவது இன்னிங்ஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த ஒல்லிப் பிட்சர் அழாத குறையாக நின்றதையும், அவன் பந்து எறியும் மேட்டுக்கே நான் போய்ச் சொன்ன பந்தையே அடுத்து அவன் போட்டதையும், அந்த ஒரு பந்து எவ்வளவு அழகாக இறங்கியது என்பதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கார் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்று பத்து நிமிடம் ஆகிவிட்டதை அவள்தான் சொன்னாள்.