இருபத்தெட்டு அடுப்புப் புல்வெளி

பிப்ரவரி 9

விசிட்டிங் கார்டு வந்துவிட்டது. 'அனந்த், தோட்ட அமைப்பாளர்.' பெயருக்குக் கீழே ஒரு இலை போடச் சொன்னேன். அச்சகத்துக்காரர் வெண்டைக்காய் மாதிரி ஏதோ போட்டிருக்கிறார்.

ஆஷா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மார்ச் முப்பத்தொண்ணு. ஓர்மையிருக்கில்லே?" என்றாள். இருக்கிறது. அதற்குள் ஒரு தோட்டமாவது உருப்படியாக முடித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மறுபடி பெங்களூரு, வினய்க்குக் கீழே அதே நாற்காலி. கட்டினவளிடம் கொடுத்த வாக்கு. பதினாறு வருடம் மென்பொருள் வேலைகளுக்கு நாள் குறித்தவன், இந்த ஒரு தேதியைக் கண்டு நடுங்குகிறேன்.

பிப்ரவரி 11

முதல் வாடிக்கையாளர்! கிள்ளிப்பாலம் விஜயலக்ஷ்மி மாமி. முன்பு வலியசாலையில் எங்கள் பக்கத்து வீடு. இப்போது இருக்கும் வீட்டுக்கு முன்னால் பெரிய முற்றம், வெறும் மண். அதில் புல்வெளி வேண்டுமாம்.

நான் தயாரித்த நாற்பத்தொரு கேள்விப் படிவத்தை எடுத்தேன். வெயில் எத்தனை மணி நேரம், நாய் உண்டா, செருப்போடு நடப்பீர்களா... இருபதாவது கேள்வியில் மாமி காபி தந்தார். முப்பதாவதில், "இது பாஸ்போர்ட்டுக்கா?" என்று கேட்டார். கடைசிக் கேள்வி, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?

"சொல்றதுக்கு என்ன இருக்கு? நன்னா பச்சையா இருந்தாப் போறும்."

பெங்களூருவில்கூட யாரும் இவ்வளவு சுத்தமாக விவரம் சேகரித்ததில்லை.

பிப்ரவரி 17

அட்டவணை தயார். 20, 21 புல் பதிப்பு. பிறகு மூன்று வாரம் யாரும் மிதிக்கக் கூடாது. மார்ச் 14 ஒப்படைப்பு. மூன்று வண்ணத்தில் அச்செடுத்து ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டினேன். ஆஷா பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். போன வாரம்தான், என் தொழிலில் யோசனை சொல்லாதே என்று அவளோடு சண்டை போட்டிருந்தேன். நல்ல பலன்.

பிப்ரவரி 21

பதித்தாயிற்று. களியக்காவிளை சிவதாணு அண்ணன் புல் துண்டுகளை ஓடு பாவுகிற மாதிரி இடைவெளியில்லாமல் வைத்தார். எல்லோரும் போன பிறகு மண்டியிட்டு, புல்லில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். குளுகுளுவென்று இருந்தது. கண் கலங்கிவிட்டது.

பிப்ரவரி 23

தண்ணீர் விட்டேன். புல்லோடு கொஞ்சம் பேசினேன்.

பிப்ரவரி 24

ஐயோ. ஐயோ.

காலையில் சாலைக் கடைத்தெரு முழுக்க ஒலிபெருக்கி, தோரணம். மண்பானைகள் மலை மலையாக. ஆற்றுக்கால் பொங்காலை மார்ச் 3! ஊர்த் தெருவெல்லாம் செங்கல் கூட்டி, லட்சக்கணக்கில் பெண்கள் பொங்கலிடும் நாள். நான் இந்த ஊரில் பிறந்தவன். சின்ன வயதில் அதே அடுப்புகளுக்கு நடுவே ஓடி ஓடி மோர் கொடுத்தவன். பதினாறு வருடத்தில் எப்படிடா மறந்தது?

மாமி வீட்டுக்கு ஓடினேன். உங்கள் முற்றத்துக்கும் அடுப்பு வருமா மாமி?

"வருமாவா? வருஷா வருஷம் இருபத்தேழு அடுப்பாக்கும். பாறசாலை சரோஜா அந்த மூலை. மார்த்தாண்டத்துக்காரா நாலு பேர் கேட்டண்டை."

"ஏன் மாமி சொல்லலை?"

"நீ எங்கே கேட்டே? நாய் உண்டான்னு கேட்டே."

சிவதாணு அண்ணனுக்குப் போன் போட்டேன். "தெரியும் சாரே. படிச்ச ஆளு, எதாம் பிளான் வச்சிருப்பியன்னுல்லா நெனச்சேன்."

ஆஷா, "யோசனை சொல்லாதேன்னது யாரு?" என்றாள்.

ஆக எல்லோருக்கும் தெரியும். அட்டவணை போட்டவனுக்கு மட்டும் தெரியாது.

பிப்ரவரி 26

இந்த ஒரு வருடம் மட்டும் கேட்டைப் பூட்டலாமா என்று மாமியிடம் கேட்டுப் பார்த்தேன். மாமி எழுந்து உள்ளே போனார். காபி வரவில்லை.

மார்ச் 1

'புல்லை மிதிக்காதீர்கள்' என்று தமிழிலும் மலையாளத்திலும் பலகை வைத்தேன். சுற்றிலும் கயிறு கட்டினேன். மாலையில் போனால் கயிற்றில் யாருடைய துண்டோ காய்கிறது. பலகைக்கு அடியில் மூன்று செங்கல். ஒன்றில் சாக்கட்டியால் 'சரோஜா'.

மார்ச் 3

இருபத்தேழு அடுப்பு. மாமி சொன்ன கணக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை.

பத்தரை மணிக்குக் கோயிலிலிருந்து தீ வந்தது. ஒரு அடுப்பிலிருந்து அடுத்த அடுப்பு, அதிலிருந்து அடுத்தது என்று என் புல்வெளி முழுக்க எரிந்தது. நான் வாளியும் குவளையுமாக நடுவில் ஓடி, அடுப்போரத்துப் புல்லை நனைத்துக்கொண்டிருந்தேன். வாலண்டியர் என்று நினைத்துவிட்டார்கள். "தம்பி, இஞ்ச ஒரு குடம் கொண்டு வாங்க." கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறென்ன செய்ய? புகை இருந்தது நல்லதாகப் போயிற்று. நான் அழுதது தெரியவில்லை.

திரும்பினால் சரோஜாவின் பக்கத்தில் இருபத்தெட்டாவது அடுப்பு. ஆஷா! ஊதி ஊதி முகமெல்லாம் சாம்பல்.

"நீ இங்கே எங்கே?"

"நம்ம தோட்டந்தானே," என்றாள்.

நம்ம. அவள் வாயிலிருந்து அந்தச் சொல் இன்றுதான் வருகிறது. தோட்டமே இல்லாமல் போன நாளில்.

மார்ச் 4

செங்கல்லை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பச்சையில் இருபத்தெட்டு கருவட்டம். வினய்யிடமிருந்து மெசேஜ்: இடம் காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சொல். 'வருகிறேன்' என்று தட்டி வைத்திருக்கிறேன். மாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும்.

மார்ச் 5

கேட்டேன். கருகின இடத்துக்கெல்லாம் புதுப் புல் வைத்துத் தருகிறேன் என்றேன். மாமி முற்றத்தை ஒரு சுற்று பார்த்தார்.

"எதுக்கு? எவ எங்கேன்னு வருஷா வருஷம் சண்டை, கேட்டியா? இப்போ எடம் அடையாளமாச்சு. அங்கெல்லாம் புல்லே வேண்டாம். வெட்டுக்கல்லை வட்டமாப் போட்டுத் தா."

கேட்டருகே போய் நின்று பார்த்தேன். பச்சை நடுவே சிவப்புக் கல் வட்டங்கள். அடப்பாவி, அழகாகத்தான் இருக்கும்! நாற்பத்தொரு கேள்வி கேட்டும் எனக்குத் தோன்றாதது.

"இருபத்தேழு போட்டாப் போறுமில்லையா?" என்றார் மாமி.

"இருபத்தெட்டு," என்றேன்.

மதில் மேலாக எட்டிப் பார்த்த அடுத்த வீட்டு வெங்கடசுப்ரமணியன் மாமா, "எங்காத்துக்குப் பதினாறு," என்றார்.

வினய்க்கு வேறு பதில் அனுப்பினேன்.

மார்ச் 14

ஒப்படைப்பு. அட்டவணைப்படி! காபி இரண்டு தரம்.

மார்ச் 31

மூன்றாவது முற்றம் ஆரம்பம். காலை முதல் சிவதாணு அண்ணனோடு கல் இறக்கினேன். முதுகு போயிற்று. புதுப் படிவத்தில் மூன்றே கேள்வி. முதல் கேள்வி, எத்தனை அடுப்பு. ஆஷாவிடம் காட்டி யோசனை கேட்டேன். "நாய் உண்டான்னும் கேட்டுக்கோ," என்று சிரித்துவிட்டு, முதுகுக்குத் தேய்க்க எண்ணெய் எடுத்துத் தந்தாள்.

இந்தப் பக்கத்துக்கு மேலே தேதி எழுதும்போதுதான் பார்த்தேன், இன்று முப்பத்தொன்று. அவள் ஒன்றுமே சொல்லவில்லை. மறந்திருப்பாளோ?

ஆஷாவா மறப்பாள்.