என் அப்பா பெயரில் நிற்கும் வளைவு

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஓலை கருகும் வாடை வந்தது. வாயில் நுரையோடு தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டுக்காரி வெந்நீர் அடுப்பில் காய்ந்த ஓலையைத் திணித்துக்கொண்டிருந்தாள். "என்ன அண்ணாச்சி, பேயக் கண்டாப்புல ஓடி வாரிய?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. தேரிக்காட்டுச் செம்மணல் பறந்து கண்ணைத் திறக்கவிடவில்லை. இந்தக் காற்றுக்கு ஒரு பொறி போதும் என்று நீ சொல்லியிருப்பாய். சொல்ல நீதான் இல்லையே, அதனால் நான் உனக்கு எழுதுகிறேன்.

ஊர் முகப்பில் என் அப்பா நினைவாக நான் கட்டிய வளைவை நீ மறந்திருக்க மாட்டாய். எவ்வளவு உயரம் வைக்க என்று கொத்தனார் கேட்டபோது, அம்மன் சப்பரத்தைத் தூக்கி வரச்சொல்லி, அதன் உச்சிக்கு மேலே ஒரு முழம் விட்டு அடையாளம் போட்டோம். அம்மனின் சப்பரத்தைவிட உயரமாக நம் ஊருக்குள் எது வரப்போகிறது என்று நினைத்தோம். தீயணைப்பு வண்டி ஓட்டுகிற நீ அப்போது வெளிமாவட்டத்தில் வேலையில் இருந்தாய். இருந்திருந்தால் அன்றைக்கே என்னைக் கிழித்திருப்பாய்.

நீ பக்கத்து டவுனுக்கு மாற்றலாகி வந்த வருஷம், நல்ல மத்தியானத்தில், மேலத்தெருவில் ஓலைக் குவியல் பற்றிக்கொண்டது. நாங்கள் குடமும் வாளியுமாக அலறியடித்து ஓடிக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து நீ ஓட்டிவந்த வண்டி, வளைவுக்கு முன்னால் நின்றுவிட்டது. மேலே கிடந்த ஏணியைக் கழற்றியும் வண்டியின் கூரை இடித்தது. தண்ணீர் ஹோஸ் மேலத்தெருவரை எட்டாது; சுற்றிவர வேறு வழியும் கிடையாது. தேரி மணலில் டயர் புதைந்துவிடும். நீ குதித்து இறங்கினாய். டயர்களில் காற்றைப் பிடுங்கி, வண்டியைத் தாழ்த்தி, அங்குலம் அங்குலமாக உள்ளே கொண்டுவந்தாய். அதற்குள் இரண்டு வீடுகள் எரிந்து முடிந்திருந்தன. கட்டிப்போட்டிருந்த பசுவின் கதறலும் ஓய்ந்திருந்தது.

தீயை அணைத்ததும் கரி அப்பிய முகத்தோடு நேராக என்னிடம் வந்தாய்.

"ஏலே, இன்னைக்குக் காத்தப் பிடுங்கி நுழைஞ்சிட்டேன். பழைய ரோட்டச் சொரண்டாம அதும் மேலயே இன்னொரு ரோடு போட்டான்னா, பொறவு என்ன குட்டிக்கரணம் போட்டாலும் வண்டி நுழையாது. இத இடிச்சிரு."

"ஒங்க அப்பா பேருன்னா இடிப்பியாலே?"

"பேர வேற எங்கன வேணும்னாலும் எழுதிக்கலாம்லா."

"ஒன் சோலியப் பாத்துக்கிட்டுப் போலே" என்று ஊரே கேட்கச் சொன்னேன். அதன்பின் நாம் பேசவில்லை. எதிரே நீ வந்தால், வேட்டியைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொள்வேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவனிடம் என்ன வீம்பு, சீ!

ஓய்வுபெற்றும் நீ சும்மா இருக்கவில்லை. நம் தேரிக்காட்டு ஊர்களுக்கென்று ஒரு தீயணைப்பு நிலையம் கேட்டு மனுவும் கையுமாக அலைந்தாய். "கிராமத்தான் வீட்டுல மட்டும் தீ மெதுவாவா பிடிக்கும்?" என்று அதிகாரியிடம் கேட்டாயாமே. டீக்கடையில் அதைக் கேள்விப்பட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. உன் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லியிருக்கலாம். வரவில்லை. மனுவுக்குப் பதில் வருமுன் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. நீ சொன்னபடியே ரோட்டுக்கு மேல் ரோடாக இரண்டு முறை போட்டுவிட்டார்கள்.

பிறகு நிலையம் வருவது உறுதியானது. வண்டி போகும் வழியை ஊர்தோறும் குறித்துக்கொள்ள இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். நான்தான் இப்போது வார்டு மெம்பர். "வழியில தடை ஏதும் உண்டா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் கிடையாது" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். பைக்கில் வந்தவர்களுக்கு எந்த வளைவும் உயரம்தான். அவர்கள் கவனிக்கவில்லை. எனக்குத் தெரியும்.

போன வாரம் நிலையத்தைத் திறந்தார்கள். இனி பத்து நிமிஷத்தில் வண்டி வந்துவிடும் என்று ஊரெல்லாம் ஒரே சந்தோஷம். உன் மனைவி என்னை வழியில் நிறுத்தி, "அவுக ஆசப்பட்டது நடந்துட்டு அண்ணாச்சி. இனி பயமில்ல" என்றாள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்று வாசல் முழுக்க ஓலைப் பந்தல் போட்டிருந்தாள். தங்கச்சி என்று நான் கூப்பிடும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்று காலை அந்த வாடைக்குப் பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. டேப்பை எடுத்துப்போய் வளைவை அளந்தேன். நேரே நிலையத்துக்குப் போய், நான் எழுதிக்கொடுத்தது பொய் என்று சொன்னேன். அதிகாரி கோபப்படவில்லை. உயரத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "காத்தப் பிடுங்கினாலும் நுழையாது அண்ணாச்சி. இடிக்கிற வரைக்கும் வெளிய நிறுத்தித்தான் ஹோஸ் இழுக்கணும். சாயங்காலம் வந்து பாக்கோம்."

திரும்பி வந்ததும் கூட்டிய ஊர்க் கூட்டத்தில், இன்றைக்கே இடியுங்கள் என்று கத்தினேன். தர்மகர்த்தா அசையவில்லை. "கொடைக்குக் கால் நாட்டியாச்சு. இனி கொடை முடியாம ஊர் முகப்புல கடப்பாரை படலாமாய்யா? சாமி காரியம். இத்தன வருஷம் தொடவிடாத ஒமக்கு இப்ப என்ன அவசரம்?" என்றார். கோயிலுக்குப் பின்னால் வேட்டுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வண்டி வந்து வளைவுக்கு வெளியே நின்றது. இருந்த ஹோஸையெல்லாம் ஒன்றோடொன்று மாட்டி இழுத்தார்கள். நானும் கூடவே நடந்தேன். கோயிலைத் தாண்டி, கீழத்தெருவில் திரும்பி, பாதித் தெருவில் ஹோஸ் விறைத்து நின்றுவிட்டது. அதற்கு அப்பால் ஏழு வீடுகள். நடுவில் உன் வீடு.

"தண்ணி இங்கன வரைக்கும் வந்துரும்லா அண்ணாச்சி?" என்று தங்கச்சி பந்தலுக்குள் நின்று கேட்டாள்.

"வராதும்மா. என்னாலதான் வராது" என்றேன்.

அவள் பந்தலைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். நானும் கூட நின்று ஓலைகளை இறக்கினேன். கொடை முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது கேட்க எனக்கு அருகதை இல்லை. அந்த வளைவு விழுகிறவரை உன் வீடு எரியாமல் நின்றால், அப்போது கேட்கிறேன்.