ஹோர்னுக்குப் போன பியூஸ்

மச்சான்,

நேற்றுக் காலை புசல்லாவையைத் தாண்டியதும் வானின் முன்கண்ணாடியில் ஆவி படிந்தது. ஹீட்டர் சுவிட்சைத் திருகினேன். காற்றாடி உறுமிக்கொண்டு எழும்பியது. காற்றோடு முதலில் வந்தது உடையார்கட்டுப் புழுதியின் மணம். மாதக்கணக்காக உள்ளே கிடந்த நம் ஒழுங்கைப் புழுதி, மலைநாட்டில் வந்து சூடேறி மணந்தது. அதற்குப் பிறகும் உன்னோடு கதைக்காமல் எப்படி இருப்பது, சொல்.

வானை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். நீ போனபிறகு உன் மனைவி திறப்பை என் கையில் தந்து, "நீங்களே வச்சிருங்கோண்ணை, வேற ஆக்களுக்கு இதின்ர குணம் விளங்காது" என்றா. குணம் என்று மரியாதையாகச் சொன்னா. நீ அதற்குப் பழக்கிவிட்ட கெட்ட பழக்கங்கள் எனக்கல்லவா தெரியும்.

உன் அக்கா மகளின் கலியாணத்துக்குப் போன அன்றுதான் அவற்றில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். உங்கள் குடும்பம் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து குடியேறியபோது, கட்டிக்கொடுத்திருந்த அக்கா மட்டும் மலையிலேயே நின்றுவிட்டா. அவாவுக்கு ஒரே மகள். தாய்மாமன் நீ மாலை போட்டு அழைத்து வந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள். முதல்நாள் கண்டியில் தங்கி, விடிய வெளிக்கிட்டோம். முதல்நாள் மாத்தளையைத் தாண்டியதில் இருந்தே உன் "ஓம்" எல்லாம் "ஆமா"வாக மாறிவிட்டிருந்தது. அதற்கே நான் உன்னை வழி நெடுகப் பகிடி பண்ணிக்கொண்டு வந்தேன்.

இறம்பொடைக்கு ஏறும் வளைவுகளில் கண்ணாடி வெள்ளையாகிப் போனது. உள்ளே நாங்கள் இருவரும் நம் மனைவிமாரும், ஒரு மூட்டை அரிசி, இரண்டு பூசணிக்காய். எல்லார் மூச்சும் கண்ணாடியில்தான். துணியால் துடைத்தால் அடுத்த வளைவுக்குள் மறுபடி மூடிக்கொண்டது. நீ ஹீட்டரைத் திருகினாய். ஒரு சத்தமும் இல்லை.

ஓரமாக நிறுத்தினோம். சுவிட்சை ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிப் பார்த்தேன், அசைவில்லை. டாஷ்போட்டுக்குக் கீழே தலையை விட்டு மோட்டரைச் செருப்பால் தட்டினேன். தேய்ந்த மோட்டர் சில நேரம் ஒரு தட்டில் எழும்பிவிடும். எழும்பவில்லை. வயர் கழன்றிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. நீயோ பக்கத்தில் நின்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். கடைசியில் பியூஸ் பெட்டியைத் திறந்தால் ஹீட்டரின் இடம் வெறுமையாகக் கிடந்தது.

"எங்கையடா இதின்ர பியூஸ்?"

நீ மலையைப் பார்த்தாய். "ஹோர்னுக்கு இருந்தது எரிஞ்சுபோச்சு மச்சான். இதை எடுத்து அதுக்குப் போட்டனான்."

"எப்ப?"

"போன வருசம். வன்னியில ஆருக்கு ஹீட்டர் வேணும்? பரந்தன் றோட்டில மாடு படுத்துக் கிடந்தா ஹோர்ன்தானே வேணும்."

மறுத்துப் பேச முடியாத நியாயம். ரேடியோவின் பியூஸைப் பிடுங்கலாம் என்று பார்த்தால், அது அதற்கும் முன்பே லைற்றுக்குப் போயிருந்தது. அந்த நேரத்தில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. ஹீட்டருக்குப் போட்டால் ஹோர்ன் இல்லை, ஹோர்னிலேயே விட்டால் பாதை தெரியாது. அந்த வளைவுகளிலோ இரண்டும் இல்லாமல் முடியாது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. எதற்கும் சிரிக்கிற உன் முகம் சுருங்கிப்போனதை அன்றுதான் கண்டேன். "அக்கா வாசல்ல நிப்பா, மச்சான்" என்று மட்டும் சொன்னாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. பியூஸைப் பிடுங்கி ஹீட்டருக்குச் செருகினேன்.

"நீ ஓடு. நான் கத்துறன்."

வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டி, "வான் வருது, விலகுங்கோ" என்று கத்தினேன். கூடையோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் அந்த "விலகுங்கோ"வைக் கேட்டுச் சிரித்தார்கள். "வாங்க வாங்க, பாத்து மெதுவா வாங்க" என்று ஒருத்தி பதிலுக்குக் கத்தினாள். எதிரே வந்த பஸ், என்ன ஏதென்று தெரியாமல் நின்றே விட்டது. பின்னால் இருந்து என் மனைவி, "வீட்டிலயும் இப்பிடித்தான் கத்துறவர், இண்டைக்குத்தான் பிரயோசனமாக் கத்துறார்" என்றா. நீ சிரித்த சிரிப்பில் வான் ஒருதரம் ஆடியது.

அக்கா வாசலில்தான் நின்றா. நீ மாலை போட்டாய், பெண் மணவறை ஏறினாள். கத்திய கத்தலில் எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. வந்தவர்களிடமெல்லாம் நீ உன் மெல்லிய குரலில், "இவருதான் நம்ம வண்டி ஹோர்ன்" என்று அறிமுகம் செய்தாய். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு நான் ஹோர்ன் மாமா.

போன கிழமை அவள் போன் எடுத்தாள். மகளுக்குக் காதுகுத்து. "தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். எனக்குக் கூடப்பொறந்த ஆளும் இல்ல, இப்ப மாமாவும் இல்ல. நீங்க வந்து உக்காருங்க, ஹோர்ன் மாமா" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன். அது உன் இடம் மச்சான். என் ஆக்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வன்னிக் குளத்துக் காணிக்கு வந்தவர்கள். நீ வைத்த பெயரைத் தவிர மலையில் எனக்கு ஒரு சொந்தமும் கிடையாது.

வெளிக்கிட முன் பியூஸ் பெட்டியைத் திறந்து எல்லா இடமும் நிறைந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஹோர்ன் நன்றாகவே வேலை செய்தது. இருந்தும் அந்த வளைவு வந்ததும் தலையை நீட்டி ஒருதரம் கத்தினேன். எதிரே ஒருவரும் இல்லை.

காதில் ஊசி பட்டதும் குழந்தை வீரிட்ட சத்தத்தில் அடுத்த வீடுகளில் இருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். உன் அக்கா என் முகத்தைப் பார்த்து, "அப்படியே மாமன் கொரலு" என்றா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையும் குழந்தையைப் பிடித்திருந்ததால் துடைக்கவும் வழியில்லை.

நாளைக்கு இவள் வளர்ந்து, இவளுடைய கலியாணத்துக்கும் நான் வந்து நிற்க வேண்டுமாம், அக்காவின் கட்டளை. வருவேன் மச்சான். பியூஸ் ஒன்று மேலதிகமாகச் சட்டைப் பையில் இருக்கிறது. தொண்டையையும் கவனமாக வைத்திருக்கிறேன்.