அந்த மேஜைக்கடியில் இருந்தது என் கால்

அன்பு மகள் ரோவெனாவுக்கு அம்மா எழுதுவது. முர்ரே ஆற்றில் நண்டு பிடிக்கப் போய் வழுக்கி விழுந்த அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். வெயில் மண்டையைப் பிளக்கிறது, கங்காருக்கள் பூங்காப் புல்லை மேய வந்துவிடுகின்றன, அதற்கும் ஊரார் என்னிடம்தான் புகார் சொல்கிறார்கள். கனடாப் பனியில் நீ தலையை மூடாமல் திரிவது படத்திலேயே தெரிகிறது, தொப்பி போடு.

உன் புத்தகம் வந்தது. சின்ன ஊர்களின் நகராட்சி அரசியலைப் பற்றி நீ பத்து வருஷம் உழைத்தது வீண்போகவில்லை. ஆனால் மேயர் கிளெனிஸுக்கு முழுசாக ஓர் அத்தியாயம், முப்பது வருஷமாக அதே மன்றத்தில் உறுப்பினராக இருக்கும் எனக்கு "மற்றோர் உறுப்பினர்" என்று ஒரே வரி. படித்ததும் வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. "பதவியில இருக்கிற அம்மாவைப் பேட்டி எடுத்தா பல்கலைக்கழகம் ஒத்துக்காதும்மா" என்று நீ அன்றைக்கே சொன்னாய்தான். சொல்லிவிட்டு நாள் தவறாமல் கிளெனிஸ் வீட்டில் உட்கார்ந்து அவள் சுட்ட கேக்கைத் தின்றாயே, அது இன்னும் ஆறவில்லை.

சரி, செய்திக்கு வருகிறேன். நம் நகராட்சியைப் பக்கத்து ஊரோடு சேர்க்கப் பார்க்கிறார்கள். அது நல்லதா கெட்டதா என்று ஆராய உன்னை ஒரு வருஷத்துக்கு வரவழைக்கலாமா என்று செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பேச்சு வந்தது. விதிப்படி நான் எழுந்து, "அவ என் பொண்ணு, இதுல எனக்குச் சொந்த அக்கறை இருக்கு" என்று அறிவித்துவிட்டு வெளியே போக வேண்டும். போனேன். வெள்ளத்துக்குப் பிறகு மன்றக் கதவைச் சரியாகச் சாத்த முடிவதில்லை, எல்லாம் காதில் விழுந்தது. உறுப்பினர் காலின், "புத்தகம் எழுதுறவளுக்கு நம்ம சாக்கடை எங்க போகுதுன்னு தெரியுமா?" என்கிறான். உடனே கிளெனிஸ், "ரோவி நம்ம பொண்ணுய்யா, இந்த மேஜைக்கடியில உட்கார்ந்து கலர் அடிச்சு வளர்ந்தவ" என்கிறாள். மேஜைக்கடியில் நீ யார் காலில் சாய்ந்திருந்தாய்? என் காலில். மரத்துப்போனாலும் அசைக்கமாட்டேன். அதை உள்ளே போய்ச் சொல்ல வழியில்லாமல் சுவரை முறைத்துக்கொண்டு நின்றேன். ஓட்டு மூன்றுக்கு மூன்று. சமமானால் மேயருக்கு இன்னொரு ஓட்டு உண்டே, அதில்தான் ஜெயித்தது. ஆக, நீ ஊருக்கு வருகிறாய், வரவைத்தவள் கிளெனிஸ். நன்றி சொன்னேன், அதுவும் எல்லார் முன்னாலும். அதோடு விட்டாளா? "லோர்னா, உன் வீட்டுல தங்கினா காலின் சும்மா இருக்கமாட்டான், ரோவி என் வீட்டுப் பின்னறையில இருக்கட்டும்டி" என்றாள். அவள் சொன்னது சரி என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் முடிவு செய்துவிட்டேன். செப்டம்பர் தேர்தலில் நான் நிற்கவில்லை. அப்பா, "பைத்தியமா உனக்கு, அந்த நாற்காலிக்கு என்னமா அலைஞ்ச!" என்கிறார். அலைந்தேன்தான், போகட்டும். பதவி போனால் மிச்சம் அம்மா மட்டும்தான், அப்புறம் உன் பல்கலைக்கழகம் என்ன சாக்குச் சொல்கிறது என்று பார்க்கிறேன். உன் அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டாயிற்று.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், கண்ணே. தேர்தல் முடிந்தபிறகு வா, முன்னால் வந்துவிடாதே. பேட்டி எடுக்கும் அந்தக் கருவியை மறக்காமல் கொண்டுவா. கிளெனிஸுக்கு எத்தனை பக்கம் என்று எண்ணி வைத்திருக்கிறேன். எனக்கு அதைவிட ஒரு பக்கமாவது கூட வேண்டும்.

உன் விஷயத்தில் சொந்த அக்கறை உள்ள,
அம்மா லோர்னா