தொட்டி மூடியின் மேல்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். முட்டுவலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நான் சுகம்.

செவ்வாய்க்கிழமை நான் வேலை பார்க்கும் பூங்காவில் சின்னச் சண்டை. பயப்பட வேண்டாம். கழிப்பறைத் தண்ணீரைச் சுத்தம் செய்து செடிகளுக்கு விடும் எங்கள் பிளான்டில், தொட்டிக்குள் அழுக்கை வடிகட்டும் மெம்பரேன் தகடுகள் அடைத்துக்கொண்டன. அவற்றைச் செயின் பிளாக்கால், அதாவது பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியால், வெளியே தூக்கித்தான் கழுவ வேண்டும். அந்தக் கப்பி பழுதாகி இரண்டு மாதம். நான் மூன்று முறை எழுதிக் கொடுத்தும் யாரும் அசையவில்லை.

சூப்பர்வைசர் ஜெயன், தோட்டவேலை செய்யும் லிங்கம் அண்ணனைக் கூப்பிட்டு, "தொட்டியில எறங்கி பிரஷ் போட்டுடு. பத்து மினிட்டு வேலையல்லே" என்றார். உள்ளே விஷவாயு இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அண்ணன் சட்டையைக் கழற்றினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூடியை இழுத்து மூடி, அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்படின்னா நீங்க எறங்குங்க சார்."

"ஜெபமலர், உனக்கு வேலை வேண்டாமா?"

"வேண்டாம்."

இரண்டு மணிநேரம் வெயிலில் இருந்தேன். கடைசியில் சாலை பஜார் கடை ஒன்றிலிருந்து வாடகைக்குச் செயின் பிளாக் வந்தது.

இன்னும் கோபம் ஆறவில்லை அப்பா. லிங்கம் அண்ணன் சாயங்காலம் என்னிடம், "பிள்ளே, ஒருக்கா எறங்கியிருந்தா என்னை பெர்மனன்ட் ஆக்கியிருப்பாங்க" என்று வருத்தப்பட்டார். அப்படி ஆசை காட்டி வைத்திருக்கிறார்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பச்சைப் போர்வையையும் கொஞ்சம் கருப்பட்டியையும் கொடுத்துவிடுங்கள். நீங்களே கொண்டுவந்தாலும் சரிதான். பம்ப் அலாரம் அடிக்கிறது, போகிறேன்.

உங்கள் ஜெபமலர்