கடைசி மூச்சு விதி

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் கப்பல் எந்தக் கடலில் இருக்கிறதோ என்ற கவலைதான் குறையவில்லை. இன்ஜின் அறைச் சூட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

இனி என் சேதி. சனிக்கிழமை நம் பகடைக் கதை விளையாட்டில் ராட்சதனை வீழ்த்திவிட்டோம். ஆமாம், அதே தொங்கு பாலம், அதே ராட்சதன். நீ கதை நடத்தி, நாங்கள் ஆளுக்கொரு வீரனாக ஆடிய காலத்தில் எங்களை ஓட ஓட விரட்டியவன்தான். இப்போது கதை நடத்துவது நான்.

புதிய பதிப்பின் விதிப்புத்தகம் வந்தபோது நீ போனில் சொன்னது மறக்கவில்லை. "விளையாட்டையே குட்டிச்சுவராக்கிட்டாங்க, அதை வீட்டுக்குள்ள விடாதே" என்றாய். நானும் முதலில் உன் கட்சிதான். வாள்வீரனுக்கு இருந்த இரட்டை வெட்டை எடுத்துவிட்டார்கள். வாள்வீரனாக ஆடும் நம் வங்கிக் காசாளர் அதைப் படித்துவிட்டு, சம்பளத்தில் பிடித்தம் செய்துவிட்டது போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நர்ஸ் அக்காவின் மந்திரக்காரிக்குப் பலம் கூடியிருந்ததால் அவர் புத்தகத்தின் பக்கம். ஒரு வாரம் மேசையில் பகடை உருளவில்லை, வாய்ச்சண்டைதான்.

ஆனால் ஒரு விதி என்னை உட்கார விடவில்லை. பழைய பதிப்பில் உயிர்ப்புள்ளி தீர்ந்தால் ஆள் காலி. இதில் விழுந்தவனுக்குக் கடைசி மூச்சு உண்டு. சாவதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யலாம். படித்ததும் எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் நினைவுக்கு வந்தார்.

வருடக்கணக்காக அவர் வளர்த்த காவல்வீரன் அந்தப் பாலத்தில் விழுந்தபோது, ஏதோ சொல்ல வாயெடுத்தார். "செத்தவன் பேசக்கூடாது, விதி விதிதான்" என்று அந்த வீரனின் விவரத்தாளைக் கிழித்துப் போட்டாய். விதி உன் பக்கம்தான் இருந்தது. அன்றைக்கு எழுந்து போனவர்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து உன்கூடவே திரிந்தவர், நீ கப்பலேறிய அன்றுகூட வரவில்லை. வீட்டு மோட்டார் பழுதானால் ஆளை அனுப்புவார், தான் வரமாட்டார்.

புத்தகத்தோடு அவர் கடைக்குப் போனேன். ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். "செத்தவன் செத்தவன்தான் தங்கச்சி, இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றார். ஆனால் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் புது வீரனோடு வந்து நின்றார். பாலத்தில் ராட்சதன் ஒரே அடியில் அவரை மறுபடியும் சாய்த்துவிட்டான். நான் சலுகை காட்டவில்லை அண்ணா, பகடை விழுந்தபடிதான் சொன்னேன். "கடைசி மூச்சு இருக்கு, என்ன செய்றீங்க?" என்று கேட்டேன். காசாளர், "ஓங்கி வெட்டுங்க" என்று துடித்தார். எலக்ட்ரீஷியன் அண்ணன் பகடையைக் கையில் எடுத்தார். பிறகு, "அவனை வெட்டலை. பாலத்துக் கயித்தை அறுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் அக்கரைக்கு ஓடிடுங்க" என்றார்.

உருட்டினார். இருபது பக்கப் பகடையில் இருபதே விழுந்தது.

நர்ஸ் அக்கா நாற்காலி மேல் ஏறிவிட்டார். காசாளர் இரட்டை வெட்டை மறந்து எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என்னவோ ஏதோவென்று அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். ராட்சதனோடு அவர் வீரனும் பள்ளத்தில் போய்விட்டான். இந்த முறையும் சாவுதான். ஆனால் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இப்படிச் செத்தா சரி" என்றார்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "உங்கண்ணன் எப்ப வர்றான்?" என்று கேட்டார். நான் இன்னும் தெரியவில்லை என்றேன்.

புதிய பதிப்பில் குறைகள் உண்டு, நீ வந்தபிறகு ஆசைதீரத் திட்டு. இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் வேண்டாம். அவர் கடை முகவரியை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். அவருக்கு நாலு வரி எழுது. விதியைப் பற்றி மட்டும் எதுவும் எழுதாதே.

கடல் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அன்புத் தங்கை