ஆற்றுக்குக் கொடுத்த பங்கு

நேற்று எங்கள் வீட்டு வாசலில் ஒரு லோட் ஆற்று மணல் இறக்கினார்கள். மகன் பின்பக்கம் ஓர் அறை கட்டுகிறான். விடியப்புறம் விழுந்த தூறலில் அந்த மணலிலிருந்து ஒரு வாசனை எழும்பியது. ஊறிய மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாசனை. என்னையறியாமல் ஒரு கைப்பிடி அள்ளி, ஒரு தட்டில் போட்டு, தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக்கொண்டு குந்தியிருந்தேன். மனைவி பார்த்துவிட்டாள். "என்னத்தத் தேடுறீங்க, தொலைச்ச மூளையையா?" என்றாள். அவளுக்கு என்ன சொல்ல? உன்னைத்தான் தேடினேன், மச்சான். நீ கண்ணை மூடி ஒரு மாரி கழிந்துவிட்டது.

உனக்கு நினைவிருக்கும், நாம் முதலில் சந்தித்தது சண்டைக்கு நடுவே பேச்சுவார்த்தை என்று கொஞ்சம் மூச்சு விட்ட காலத்தில். பூட்டிக் கிடந்த பாதைகள் திறந்தன. பாதை திறந்தால் முதலில் வருபவர்கள் உறவினர் அல்லர், வியாபாரிகள். கொழும்பிலிருந்து ஒரு கம்பனி உங்கள் ஆற்றில் பொன் இருக்கிறதா என்று பார்க்க வந்தது. பொலன்னறுவைக்கு நெல் ஏற்றி ஏற்றிச் சிங்களம் பழகிய ஓட்டமாவடி வான்காரன் என்பதால் என்னைப் பிடித்தார்கள். வானும் ஓட்ட வேண்டும், வாயும் ஓட்ட வேண்டும்.

உங்கள் ஆட்களுக்குப் பொன் புதிதல்ல. மாரி ஓய்ந்து, வாவியில் போய் விழும் அந்த ஆறு வற்றத் தொடங்கியதும், வயல் இல்லாத குடும்பங்கள் எல்லாம் ஆற்று வளைவில் இறங்குவீர்கள். மண்ணை வெட்டி மரத்தட்டில் அரித்தால், நாள் முழுக்க நின்றதற்கு எள்ளை உடைத்தது போல் நாலைந்து துணுக்கு மிஞ்சும். உன் கால்கள் ஊறி வெளுத்திருப்பதைக் கண்டு, "இதுக்குப் பேசாம மீன் புடிக்கலாமேடா" என்று கேட்டேன். "மீன் நாறும் மச்சான். பொன் நாறாது" என்றாய். பிடிவாதக்காரன் என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

ஆற்றுக்குப் புதிதாக வருகிறவன் எவனும் முதல் மண்ணை அந்த வளைவில் நிற்கும் மருதமரத்தடியில் எடுக்க வேண்டும் என்பது உங்கள் வழக்கம். ஒரு கைப்பிடி அள்ளி, கண்ணில் ஒற்றி, திரும்ப அங்கேயே போட்டுவிட வேண்டும். நீதான் அதை, நாங்கள் மாத்தயா என்று சிங்கள மரியாதையில் கூப்பிட்ட கம்பனி ஆய்வுக்காரருக்குச் சொன்னாய். நான் சிங்களத்தில் மாற்றினேன். நல்ல மரியாதை தெரிந்த மனிதர் அவர். சப்பாத்தைக் கழற்றினார். கும்பிட்டார். பிறகு தன் ஆட்களைக் கூப்பிட்டு அங்கேயே நெஞ்சளவு குழி வெட்டச் சொன்னார். முதல் மண் என்றால் முதல் குழி என்று அவர் விளங்கிக்கொண்டார். உன் அக்காவின் புருஷன், ஆற்றில் எல்லோரும் சொல் கேட்கும் உன் அத்தான், வாயைத் திறந்தபடி நின்றார். விருந்தாளியின் கையைப் பிடிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. பைகளில் கட்டிய மண் ஆய்வுகூடத்துக்குப் போனது.

மறுமொழி வந்த நாளில் மாத்தயா தரையில் நிற்கவில்லை. அப்படியொரு மண்ணைத் தன் தொழிலில் பார்த்ததில்லை என்றார். அடுத்த கிழமையே வளைவைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிய தடிகள் நட்டார்கள், காவல் போட்டார்கள், ஆய்வு முடியும்வரை ஒருவரும் இறங்கக்கூடாது என்றார்கள். குழி வெட்டப் போன சிலருக்குச் சம்பளம் கிடைத்தது. மற்ற அடுப்புகள் எரியவில்லை. தண்ணீர் வற்றிக்கொண்டே போனது. அந்தப் பருவத்தை விட்டால் அடுத்த மாரி ஓயும்வரை உங்களுக்கு வேறு பிழைப்பில்லை.

ஒரு பகல், மாத்தயாவை வாழைச்சேனைக்குக் கூட்டிப் போகையில் நீயும் முன் சீற்றில் ஏறினாய். பாலம் தாண்டியதும், "வான ஓரம் கட்டு. நான் சொல்லுறத அப்படியே சிங்களத்தில சொல்லு" என்றாய். சொல்லத் தொடங்கினாய். வருடா வருடம் முதல் நாள் அரித்த துணுக்கை ஒவ்வொரு குடும்பமும் மருதமரத்தடியில் புதைத்துவிடும். அது ஆற்றின் பங்கு. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து கொடுத்து வந்தது. கம்பனி கண்ட பொன் ஆறு தந்ததல்ல, ஆற்றுக்கு நீங்கள் கொடுத்தது.

சுற்றிவரத் துவக்கோடு திரிகிறவர்கள் இரண்டு பக்கமும் இருந்த காலம். பொன் புதைந்த இடம் என்று ஒரு காதில் விழுந்தால் போதும். "டேய், இது என்ட வாயாலயா போகணும்?" என்று கேட்டேன்.

"என்ட வாயில சிங்களம் இல்லையே. சொல்லு மச்சான். பங்கு போனா ஆறு மன்னிக்கும். புள்ளையள் பட்டினி கிடந்தா மன்னிக்காது."

சொன்னேன். மாத்தயா நெற்றியில் அடித்துக்கொண்டார். "கோயில் உண்டியலுக்குள்ள கையை விட்டிரிக்கன்" என்ற கருத்தில் சிங்களத்தில் சொன்னார். ஒருவரிடமும் பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். பிறகு வளைவின் மேலும் கீழும் குழி வெட்டிப் பார்த்தார். எல்லாம் உங்கள் மரத்தட்டில் மிஞ்சுகிற அளவுதான். தடிகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆறு உங்களுக்குத் திரும்பியது.

ஆனால் சில நாள் கழித்து ஒரு காலையில் மருதமரத்தடி கிண்டிக் கிடந்தது. வேர் தெரியக் கிண்டியிருந்தார்கள். மாத்தயா வாய் தவறினாரா, காவலில் நின்றவர்கள் மோப்பம் பிடித்தார்களா, இன்றுவரை தெரியாது. ஊர் உன்னைத்தான் பார்த்தது. நீ ஒளிக்கவில்லை. "நான்தான் சொன்னன்" என்றாய். உன் அத்தான் எழுந்து போனார். அடுத்த பருவத்தில் எல்லோரும் பங்கைப் போடுவதற்கு வேறோர் இடம் பார்த்தார்கள். அது எங்கே என்று உனக்கு மட்டும் சொல்லவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உன்னாலதானே அவங்கட சட்டியில சோறு கிடக்கு, போய்க் கேளுடா" என்று கத்தினேன். நீ தட்டை அலசிக்கொண்டு சிரித்தாய். "சரிதானே மச்சான். எனக்குத் தெரியாட்டி நான் ஆருக்கும் சொல்ல ஏலாதே" என்றாய். சிரித்தாயே தவிர, அன்று நான் தந்த பீடியைப் பற்றவைக்காமல் விரலிடையில் உருட்டிக்கொண்டே இருந்தாய். அதற்குப் பிறகு உன் முதல் நாள் துணுக்கை ஆற்று நடுவில், ஓடுகிற தண்ணீரில் விட்டுவந்தாய்.

சண்டை திரும்ப வந்தது. நீங்கள் ஓடினீர்கள், முகாமில் கிடந்தீர்கள், திரும்பி வந்தீர்கள். ஆறு அதே வளைவில்தான் இருந்தது. உன் அத்தான் உன்னோடு கல்யாண வீட்டில் பேசினார், செத்த வீட்டில் பேசினார், ஒரே கூடாரத்தில் இருந்து சோறு தின்றார். இடத்தை மட்டும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே இரத்தம் இல்லை, வீம்பு மட்டும் ஒரே வீம்பு.

உன் முப்பத்தொன்றாம் நாள் காரியத்துக்கு நான் வந்திருந்தேன். சாப்பாடு முடிந்ததும் உன் அத்தான் என்னை வேலியோரம் கூப்பிட்டார். கண் பார்வை குறைந்து, கம்பு ஊன்றி நடக்கிறார். எங்கள் முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, உங்களிட்ட ஒண்டு சொல்லணும். புது இடத்தில ஒவ்வொரு வருசமும் என்ட துணுக்கோட அவன்ட பேரிலயும் ஒண்டு போட்டுத்தான் வந்தன். அவனுக்கு ஆத்தில பங்கில்லாமப் போகக்கூடா எண்டு."

"அத அவனுக்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லத்தான் இருந்தன். அடுத்த வருசம், அடுத்த வருசம் எண்டு..." கம்பால் மண்ணைக் கீறினார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கிழவரை ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அழுதோம். "எனக்கினி ஆத்தில இறங்க ஏலா. அவன்ட பங்க நீங்க போடுவீங்களா?" என்று கேட்டார். மண்ணரித்தும் பழக்கமில்லாத, கும்பிட்டும் பழக்கமில்லாத ஒரு சோனகன் நான். "ஓம், போடுறன்" என்றேன்.

இந்த மாசியில், தண்ணீர் வற்றிய முதல் நாள், உன் மூத்த மகள் அரித்த துணுக்கை வாங்கிக்கொண்டு அத்தானைக் கைபிடித்து நடத்திப் போனேன். அவர் கம்பால் காட்டினார். நான் குனிந்து, மண்ணை விலக்கி, உன் பேரைச் சொல்லி அதைப் போட்டு மூடினேன். அந்த இடம் இப்போது எனக்குத் தெரியும், மச்சான். மனைவிக்குச் சொல்லவில்லை, இந்த மடலிலும் எழுதமாட்டேன். திரும்பி வரும் வழியில் அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவனுக்கு மட்டும் சொல்லலாம், காக்கா."